48 மணி நேரத்தில் வந்த வீடியோ

2019 ஆடி மாதம். பட்டறையில் ஒரு இரண்டு ஹெச்பி மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றை எண்ணிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை, நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் யார் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டேன். அன்றைக்கு மனைவி நான்கு தடவை கூப்பிட்டுவிட்டாள். நான்காவது தடவை கம்பியை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன். "மெசேஜ் வந்திருக்குதுங்க" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை.

தத்தெடுக்கக் காத்திருந்தவர்களுக்கு அந்த மெசேஜ் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதி, வரிசையில் காத்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் அப்போது 93. கூட்டு வயது 90-ஐத் தாண்டினால் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைதான் என்பது அப்போதைய விதி. முறை வரும்போது ஒரு போட்டோ, குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் திரையில் திறக்கும். 48 மணி நேரத்துக்குள் "இந்தக் குழந்தையை ஒதுக்குங்கள்" என்று பதிவு செய்துவிட வேண்டும்.

போட்டோவில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அறிக்கை ஒன்றரைப் பக்கம். எடை, உயரம், தடுப்பூசி, "நன்றாகச் சாப்பிடுகிறாள், எல்லோரிடமும் பழகுகிறாள்." ஐந்து வருட வாழ்க்கைக்கு ஒன்றரைப் பக்கம்தான்.

சந்தோஷத்தில் சொந்தக்காரர்கள் சிலருக்குச் சொன்னோம். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குச் சகலையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கூடவே குரல் செய்தி: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பெரிய கொழந்தைன்னா மனசுல என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாதுங்க."

அமெரிக்காவில் 1990-ல் ஹெச்பிஓ தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படத்தின் துண்டு அது. ஆறரை வயதுச் சிறுமி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நீல நிறக் கண்கள். எதிரில் இருப்பவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்கிறாள். தம்பியை என்ன செய்தாய், ஊசியை எங்கே குத்தினாய், அப்பா அம்மாவை என்ன செய்ய ஆசை, எப்போது, ராத்திரியா பகலிலா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கடையில் சாமான் பட்டியல் ஒப்பிப்பதுபோலச் சொல்கிறாள். மனைவி போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் கழித்து இன்னொரு லிங்க். "இதோட முழுப் படமும் இருக்குது." அந்தச் சிறுமியின் கதையைத் தழுவி, நடிகர்களை வைத்து சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு 1992 செப்டம்பரில் ஒளிபரப்பான 'சைல்டு ஆஃப் ரேஜ்'. பார்க்கக் கூடாது என்று தெரிந்தும், போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து ஒரு மணி வரை பார்த்தோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் ஒரு சிறுமியையும் அவள் தம்பியையும் தத்தெடுக்கிறார்கள். கணவனாக டுவைட் ஷுல்ட்ஸ், மனைவியாக மெல் ஹாரிஸ். சிறுமியாக ஆஷ்லி பெல்டன், அந்தக் குழந்தையின் நடிப்பை மறக்கவே முடியவில்லை. முதலில் எல்லாம் நன்றாக இருக்கிறது. அப்புறம் அவள் சிரித்த முகத்துக்குப் பின்னால் வேறொன்று தெரிய ஆரம்பிக்கிறது. தம்பியின் தலையைத் தரையில் மோதுகிறாள். அம்மா திரும்பிப் பார்க்கும்போது முகம் மாறிவிடுகிறது. பேய்ப் படத்துக்குப் போடும் இசையைத்தான் போட்டிருக்கிறார்கள். அவள் மாடிப்படியில் நின்றாலே நமக்கு நெஞ்சு படபடக்கிறது. பிறகு குழந்தைகளின் பழைய வாழ்க்கை தெரியவருகிறது. பெற்ற தகப்பனே கொடுமை செய்திருக்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோதே நடந்த கொடுமை. அதைத் தத்தெடுத்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் வருகிறார். சிறுமியை இறுக்கிப் பிடித்து, கத்தவிட்டு, கோபமெல்லாம் வெளியே வரும்வரை விடாமல் வைத்திருக்கிறார். அவள் உடைந்து அழுகிறாள். குணமாகத் தொடங்குகிறாள். படம் முடிகிறது.

முடிந்ததும் மனைவி அந்த ஒன்றரைப் பக்க அறிக்கையைத் திரும்ப எடுத்தாள். "எல்லோரிடமும் பழகுகிறாள்" என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இதுல எதையாச்சும் மறைச்சிருப்பாங்களாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்கு வீடியோ பற்றி எதுவும் தெரியாது. போட்டோவை மட்டும் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "செருப்பு பெருசா இருக்குது பாரு. யாரோடதையோ மாட்டி உட்டிருக்காங்க. போறப்ப அளவு பார்த்து ஒண்ணு வாங்கிட்டுப் போகோணும்" என்றார்.

நாங்கள் செருப்பைப் பார்க்கவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் செருப்பு நீண்டிருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அந்த முகத்தில் எதையோ தேடியிருக்கிறோம், காலைப் பார்க்கவில்லை. 30-வது மணி நேரத்தில் பதிவு செய்தோம்.

பாப்பா வீட்டுக்கு வந்த முதல் வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சொன்னால்தான் மீதி புரியும். (பெயரும், எந்த ஊர் இல்லத்திலிருந்து வந்தாள் என்பதும் வேண்டாம். அவற்றைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.)

என்னை முதல் இரண்டு மாதம் "சார்" என்றுதான் கூப்பிட்டாள். இல்லத்துக்கு வந்துபோகும் ஆண்கள் எல்லோரும் அவளுக்கு சார். தலையணை உறைக்குள் இட்லியை வைத்திருந்தாள், மூன்றாம் நாள் எறும்பு வந்த பிறகுதான் தெரிந்தது. அதை எடுத்துப் போட்டபோது அழவில்லை, திட்டு விழும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் வாசல் படியில் விழுந்து முட்டி சிராய்த்து ரத்தம். நான் ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, பாவாடையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அடிபட்ட குழந்தை யாரையாவது தேடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேடினால் யாரும் வர மாட்டார்கள் என்று அந்தக் குழந்தைக்குப் பழகிப்போயிருந்தது.

அதே சமயம், பட்டறைக்கு மோட்டார் கொண்டுவரும் முன்பின் தெரியாத ஆளின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் "எத்தனை பாசமான கொழந்தைங்க!" என்றார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு குழந்தை மனநல ஆலோசகர்தான் அது என்னவென்று சொன்னார். நம்முடையவர், வேற்றாள் என்ற பிரிவே அவள் மனதில் விழவில்லை. மாறி மாறி வந்துபோகும் ஆயாக்களிடம் வளர்ந்த பிள்ளைகளிடம் இது சகஜம் என்றார். ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அங்குள்ள அனாதை இல்லங்களிலிருந்து, இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்கிற மருத்துவரின் குழு பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வீடு கிடைத்த குழந்தைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இல்லத்தில் கிடந்தவர்களிடம்தான் இந்த வேற்றாள் பேதமில்லாத பழக்கம் நெடுநாள் நீடித்தது. ஆலோசகர் அதைச் சொன்னபோது "எல்லோரிடமும் பழகுகிறாள்" என்ற வரி நினைவுக்கு வந்தது. அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. எழுதியவருக்கும் அது நல்ல குணமாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் தத்தெடுத்த பெற்றோர் குழு ஒன்றில் என் கவலையைச் சொன்னேன். ஒருவர் தனியாக எழுதினார்: "இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். திமிறினாலும் விடாதீர்கள். கண்ணைப் பார்க்கவையுங்கள். அழுது ஓயட்டும். ஒரு படத்தில்கூட வரும்." கேட்டதும் அந்த ராத்திரி பார்த்த கடைசிக் காட்சி கண் முன்னால் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், செய்து பார்க்கலாமா என்று எனக்கும் தோன்றியது. குணமான குழந்தையைத்தான் படத்தில் காட்டினார்களே.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ராத்திரி பட்டறையை அடைத்துவிட்டு, ஒரு வாரம்.

அந்த வைத்தியத்துக்கு 'ஹோல்டிங் தெரபி' என்று பெயர். இறுக்கிப் பிடித்து ஆத்திரத்தை வெளியே கொண்டுவருவது. கலிபோர்னியாவில் ராபர்ட் ஸாஸ்லோ என்கிற உளவியலாளர் தொடங்கிவைத்தது. ஃபாஸ்டர் க்லைன் என்கிற மனநல மருத்துவர் மூலமாகக் கொலராடோ மாநிலத்தின் எவர்கிரீன் என்ற மலையூரில் வேர்விட்டது. ஆவணப்படத்தில் வந்த சிறுமிக்கு வைத்தியம் பார்த்தவரும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்தான். பெயர் கானல் வாட்கின்ஸ். படத்தில் அன்பே உருவான டாக்டராக நாம் பார்ப்பது அந்த வைத்தியத்தின் முகத்தைத்தான்.

படம் வந்து எட்டு வருடம் கழித்து, 2000 ஏப்ரலில், அதே எவர்கிரீனில் அதே வாட்கின்ஸிடம் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கேண்டஸ் என்று பெயர். வட கரோலினாவிலிருந்து வந்த தத்துக் குழந்தை. அம்மாவோடு ஒட்டவில்லை என்பதுதான் குறை. அவளை ஒரு ஃபிளானல் துணியில் தலை முதல் கால் வரை சுற்றினார்கள். மேலே தலையணைகள். பெரியவர்கள் நான்கு பேர் சுற்றிலும் உட்கார்ந்து அழுத்தினார்கள். கர்ப்பப்பையிலிருந்து வெளியே வருவதுபோலத் திமிறி வந்தால் புது அம்மாவுக்குப் பிறந்த குழந்தை ஆகிவிடுவாளாம். மறுபிறப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மூச்சு முட்டுகிறது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாந்தி எடுத்தாள். செத்துப்போய்விடுவேன் என்று கெஞ்சினாள். நடிக்கிறாள் என்று நினைத்தார்கள். இப்படிப்பட்ட குழந்தைகள் பொய் சொல்வார்கள், ஏமாற்றுவார்கள் என்பதுதான் அவர்கள் படித்த பாடம். அம்மாவும் பெரும்பாலான நேரம் அதே அறையில்தான் இருந்தார். 70 நிமிடம். துணியை விலக்கியபோது மூச்சு இல்லை. மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனாள். இது எல்லாமே வீடியோவில் பதிவாகியிருக்கிறது, வைத்தியத்துக்காக அவர்களே எடுத்த வீடியோ. நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

2001-ல் வாட்கின்ஸுக்கும் கூட இருந்த ஜூலி பாண்டருக்கும் 16 வருடச் சிறைத் தண்டனை. அதே வருடம் கொலராடோவில் இந்த மறுபிறப்பு வைத்தியத்தைத் தடை செய்து சட்டம் வந்தது. கேண்டஸ் பெயராலேயே அந்தச் சட்டத்தைச் சொல்கிறார்கள். 2006-ல் குழந்தை வதை தொடர்பான அமெரிக்க வல்லுநர் சங்கத்தின் குழு, குழந்தையைப் பலவந்தமாகப் பிடித்து அடக்கும் எந்த வைத்தியமும் கூடாது என்று அறிக்கை கொடுத்தது.

அதைப் படித்து முடித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழுவில் எனக்கு யோசனை சொன்னவர் கெட்டவர் இல்லை. அவரும் எங்கேயோ அந்தப் படத்தைப் பார்த்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால், திமிறும் ஐந்து வயதுக் குழந்தையின் மேல் என் கை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்று நினைக்கிறபோது இப்போதும் உடம்பு நடுங்குகிறது. நான் தினமும் மோட்டார் தூக்குகிறவன்.

ஆவணப்படத்தில் வந்த அந்தச் சிறுமி பிறகு வளர்ந்து செவிலியர் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் குணமானது அந்த வைத்தியத்தால் என்று சொல்பவர்கள் உண்டு. என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்தக் குழந்தையை அடைத்தும் பிடித்தும் வைத்ததோடு, வருடக்கணக்காக ஒரு வீடும், வேளாவேளைக்குச் சோறும், விட்டுப் போகாத மனிதர்களும் இருந்தார்கள். வளரவும் செய்தாள். இவ்வளவையும் விட்டுவிட்டு இறுக்கிப் பிடித்த அந்தச் சில மணி நேரத்துக்கு முழுப் பெருமையையும் கொடுக்க என்னால் முடியவில்லை. தொலைக்காட்சிப் படத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் முடிவு வேண்டும். தினமும் ஒரே தட்டில் சோறு போடுவதை அதில் எப்படிக் காட்டுவார்கள்?

எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கும் கோபம் இதுதான். குழந்தை மாடிப்படியில் நிற்கும்போது நம்மைப் பயப்பட வைத்தார்கள். அவளுக்குத் தூக்கத்தில் யார் நினைவு வந்து பயமுறுத்தியது என்பதையும் காட்டினார்கள்தான், ஆனால் இசை போட்டது நம் பயத்துக்கு. வீட்டில் ஆபத்து யாரால் யாருக்கு என்பதைத் தலைகீழாக்கி, லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அனுப்பினார்கள். 27 வருடம் கழித்து அது கோயம்புத்தூரில் என் தலையணை வரை வந்தது. இன்னொன்றும் உண்டு. வளர்ப்பவரோடு ஒட்ட முடியாமல் போகும் சிக்கலைப் பற்றுதல் கோளாறு என்கிறார்கள். அந்தப் படத்தில் அது என்றால் கத்தியும் ஊசியும்தான். மருத்துவர்கள் வைத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால், அதில் முதலில் வருவது அடிபட்டாலும் யாரிடமும் வராத குழந்தை. சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிற குழந்தை.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஆலோசகர் சொன்னது மிகச் சாதாரணமான வேலைகள். ஆறு மாதத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றையும் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே செய்ய வேண்டும். சொந்தக்காரர்கள் தூக்கக் கூடாது, மிட்டாய் கொடுக்கக் கூடாது. சகலைக்கு இதில் பெரிய வருத்தம், ஒரு தீபாவளிக்கு வரவே இல்லை. அடிபட்டால் அவள் கேட்காவிட்டாலும் போய் உட்கார்ந்து மருந்து போட வேண்டும். தலையணைக்குள் சாப்பாடு வைத்தால் திட்டாமல், அவளுக்கென்று ஒரு டப்பா கொடுக்க வேண்டும். மனைவி ஒரு நீல மூடி டப்பாவில் தினமும் இரண்டு பிஸ்கட், ஒரு கடலை மிட்டாய் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தாள். முதல் மாதம் காலையில் டப்பா காலியாக இருக்கும். அப்புறம் ஒன்று மிஞ்சும். பிறகு எல்லாமே மிஞ்சியது. ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய் அப்பத்தாவிடம் கொடுத்து, "நமத்துப் போச்சு" என்று புகார் சொன்னாளாம். என் அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் வருடம், சமூகப் பணியாளர் கடைசித் தடவையாக வந்துபோன மாதம். பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கம்பியை வைத்து வளையல் செய்துகொண்டிருந்தாள். கம்பி முனை விரலைக் கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். விரலை ஒரு நிமிடம் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து உதடு பிதுங்கி, "அப்பா" என்று ஓவென்று அழுதாள். என் கையில் வார்னிஷ். துடைக்காமலே தூக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது, காயத்துக்கு அவ்வளவு அழுகை தேவையில்லை. ஐந்து வருடத்துச் சிராய்ப்புக்கெல்லாம் சேர்த்து அழுதாள் என்று மனைவி சொல்கிறாள். அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், முதுகில் வார்னிஷ் கை அச்சு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் வெளியூர் போனால் இன்றைக்கும் அவளுக்குத் தூக்கம் வராது. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு வெளியே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக் கூடாது, ஆனால் இருக்க வேண்டும். பெரும்பாலும் என் அம்மாதான் வெங்காயத்தை உரித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. இதை எழுதுவதற்கு முன்னால் அவளைப் பற்றிய பகுதிகளைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். இட்லி விஷயத்தை இருக்கட்டும் என்றாள். வேறு யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். அமெரிக்காவில் ஒரு பொண்ணு, உன்னை மாதிரி தத்துக் குழந்தை, பெரியவங்க துணியில் சுற்றி அழுத்தினதில் மூச்சு முட்டி இறந்துபோனாள் என்று அவ்வளவு மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அவங்க அம்மா அங்க இருந்தாங்களாப்பா?" என்றாள். இருந்தார்கள் என்றேன்.

"அப்புறம் ஏன் துணிய எடுத்து உடல?"